முழங்கால் மாற்றும் உம்மாமாரும் கேட்கப்படாத கேள்விகளும்



இப்பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒரு வகை அண்மைக் காலமாகக் கூடிக்கொண்டே போகிறது. "உம்மாவுக்கு முழங்கால் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் ஸுஜூது செய்யலாமா?" என்று ஒரு மகள் கேட்கிறார். "கட்டுப்போட்ட காலோடு வுழூ கூடுமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். "பன்றியின் சத்து கலந்த ஊசி போடுவார்களாமே" என்று மூன்றாமவர் அஞ்சுகிறார். நமது கரையோரத்துப் பெண்களின் முழங்கால்கள் சும்மா தேய்ந்தவை அல்ல. குந்தியிருந்து பாய் இழைத்து, உரலில் இடித்து, கிணற்றில் அள்ளி, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து தேய்ந்தவை. ஒரு தலைமுறைக்கு முன் இதற்கு எண்ணெயும் ஒத்தடமும் பொறுமையும்தான் மருந்து. இப்போது கிளினிக்கில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "மாற்றினால் நல்லது" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். மார்க்கப் பகுதியில் ஆசுபத்திரிக் கதை எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த கேள்விகளில் பாதி தொழுகையைப் பற்றியவை.

பாலமுனையிலும் அடுத்த ஊர்களிலும் இச்சத்திரசிகிச்சை செய்துகொண்ட தாய்மார் சிலரிடம், அவர்களது பிள்ளைகள் மூலம் விசாரித்தேன். வலியைப் பற்றி அதிகம் பேசுவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். அவர்கள் பேசியதோ வேறு. "எனக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்பதே பலரது வார்த்தையாக இருந்தது. ஒரு மூத்தம்மா, காலை முழங்காலோடு துண்டித்தெடுத்து வேறு கால் வைத்துப் பொருத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டே தியேட்டருக்குள் போனாராம். இரவெல்லாம் திக்ரு செய்தபடி விழித்திருந்தாராம். உண்மையைச் சொல்ல யாருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

ஆகவே அந்த ஐந்து நிமிடத்தை இங்கே செலவிடுவோம். மாற்றுவது காலை அல்ல, தேய்ந்த மேற்பரப்பை மாத்திரமே. தொடை எலும்பின் அடி நுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியையும் சுமார் ஒரு விரல் கன அளவுக்குச் சீவி, மேலே உலோகக் கவசமும் கீழே உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவில் கடினமான பிளாஸ்டிக் ஒன்றை வைக்கிறார்கள். தசையும் நரம்பும் பக்கத்து நாண்களும் அவரவருடையவையே. ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் வேலை.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. 1890 இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் குளுக் என்ற வைத்தியர் யானைத் தந்தத்தால் முழங்கால் செய்து பொருத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்பவர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லோனைப் பயன்படுத்தினார். சில வருடங்களிலேயே அது தேய்ந்து, சுற்றியிருந்த எலும்பையும் கெடுத்தது. பொருத்தியவர்களை மீண்டும் அழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த டெஃப்லோன் துகளைத் தமது சொந்தத் தொடைக்குள் செலுத்தி என்ன நடக்கிறதென்று அவர் பரிசோதித்தார். 1962 இல் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் வேலை நிலைத்தது. இன்றுள்ள முழங்கால் வடிவத்தின் மூல மாதிரி 1974 ஐ ஒட்டி நியூயோர்க்கில் உருவானது. எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு: பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019 இல் வெளியான ஆய்வொன்றின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் நூற்றுக்கு 82 அளவில் 25 வருடங்கள் தாங்குகின்றன.

அப்படியானால் செய்தவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1,703 முழங்கால் மாற்றங்களை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 19 பேர் திருப்தியில்லை என்றே கூறியிருந்தனர். அதற்கு மிகப் பெரிய காரணமாக வெளிப்பட்டது, அவர்கள் எதிர்பார்த்தது நிறைவேறாமல் போனதுதான். இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். கனடாக்காரர் எதிர்பார்ப்பது நடக்கவும் படியேறவும் தோட்டத்தில் உலாவவுமாக இருக்கலாம். நமது உம்மா எதிர்பார்ப்பது எதை? தரையில் முஸல்லாவை விரித்து, நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்வதை. பாயில் சம்மணமிட்டுப் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதை. அதை அவர் டாக்டரிடம் சொன்னாரா? டாக்டர் அதைக் கேட்டாரா? "நோ பெரிதும் குறைந்துவிட்டது, ஆனால் கதிரையில் தொழுகிறேனே" என்று ஒரு தாய் அழுதார். சத்திரசிகிச்சை வெற்றி என்று அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. அவரது கணக்கில் அது தோல்வி.

மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 பாகை முதல் 120 பாகை வரை மடங்கும். நடக்கவும் கதிரையில் இருந்து எழும்பவும் அது தாராளமாகப் போதும். தொழுகையின் இருப்பில் குதிகாலின் மேல் அமர்வதற்கோ 150 பாகையளவு மடங்க வேண்டும். சிலருக்கு அந்த அளவு கிட்டலாம், பலருக்குக் கிட்டாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே கால் எவ்வளவு மடங்கியதோ அதை ஒட்டித்தான் பின்னரும் மடங்கும் என்பதே வைத்தியர்களின் பொதுவான அனுபவம். முழங்காலை நிலத்தில் ஊன்றுவதும் பலருக்கு நோவாகவோ மரத்துப்போனது போலவோ இருக்கும். ஆகவே கையொப்பமிடும் முன் உம்மாவே வாய் திறந்து கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: "டாக்டர், நான் நிலத்தில் இருந்து தொழுகிறவள். இதற்குப் பிறகு அது முடியுமா?" இல்லை என்ற பதில் வந்தாலும், அதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பது வேறு, பின்னர் தெரியவந்து உடைந்துபோவது வேறு.

கதிரைத் தொழுகை பாதித் தொழுகை என்று நம்மூரில் யாரோ பரப்பி வைத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லி ஒரு நோயாளியின் மனதை நோகடிக்க யாருக்கும் உரிமையில்லை. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது, நிற்க முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாவில் சாய்ந்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஆரோக்கியத்தில் செய்துவந்த அமலின் கூலி நோயிலும் எழுதப்படும் என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நிற்க முடிந்தவர், ஸுஜூது செய்ய முடியாது என்பதற்காக முழுத் தொழுகையையும் கதிரையிலேயே கழிக்கலாகாது. நின்று ஓதி, ருகூஉவை முடிந்தவரை நின்று குனிந்து செய்து, ஸுஜூதுக்குக் கதிரையில் அமர்ந்து, ருகூஉவை விடக் கூடுதலாகத் தலையைத் தாழ்த்த வேண்டும். நிற்பதே நோவென்றால் இருந்து தொழுவதில் குறையில்லை.

இனி வுழூ. இங்கேதான் பல பெண்கள் காரணமில்லாமலே தொழுகையை விட்டுவிடுகிறார்கள். "காலில் பெரிய கட்டு, தண்ணீர் படக்கூடாது, எப்படி வுழூ?" என்கிறார்கள். சகோதரிகளே, வுழூவில் காலைக் கழுவுவது கரண்டை மொளி வரைதான். முழங்கால் வுழூவின் உறுப்பே அல்ல. கட்டு முழங்காலில் இருக்க, முகத்தையும் கைகளையும் பாதத்தையும் கழுவி, தலையை மஸ்ஹு செய்ய என்ன தடை? மகள் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு பேசினும் கொண்டு வந்தால் கட்டிலிலேயே வுழூ முடிந்துவிடும். கட்டில் கசியும் சொந்தக் காயத்தின் இரத்தம் மன்னிக்கப்பட்டது. ஷாபிஈ மத்ஹபில் அது வுழூவை முறிப்பதும் இல்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், ஒவ்வொரு வக்து நுழைந்த பிறகும் வுழூச் செய்து தாமதியாமல் தொழுதுகொள்ள வேண்டும். நோயாளி இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது நமது மத்ஹபின் பிரபலமான கருத்தில் இல்லையாயினும், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதற்கான அனுமதியை வலுவான கருத்தாகக் கண்டார்கள். சத்திரசிகிச்சை நாளில் இது பேருதவி. முழு மயக்கத்தில் தவறியதைக் களாச் செய்துகொள்வது பேணுதலாகும்.

மயக்கம் என்றதும் நினைவு வருகிறது. இச்சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே நடத்துகிறார்கள். ஆள் விழித்திருப்பார். தட்டும் சத்தமும் அறுக்கும் சத்தமும் காதில் விழும். தச்சுப் பட்டறை போல இருந்தது என்றார் ஒரு தாய். நோ இல்லை, ஆனால் அந்தச் சத்தம் மூன்று மாதம் கனவில் வந்ததாம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். நித்திரைக்கு மருந்து தர முடியுமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்கலாம். அவர்களும் தருகிறார்கள். கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது.

வெட்கத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். எலும்பு வைத்தியத்தில் பெண் நிபுணர்கள் குறைவு. பெண் வைத்தியர் கிடைக்காதபோது ஆண் வைத்தியர் தேவையான அளவு மட்டும் பார்ப்பதும் தொடுவதும் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதே. அந்த 'தேவையான அளவு' என்பதை நோயாளியும் கேட்டுப் பெறலாம். தலையை முழுதாக மூடும் தொப்பி, போர்வை, மாற்றும்போது திரை, கூடவே ஒரு மிஸ்ஸி. நான் கேட்டவர்களில் ஒரு தாய்க்கு இவையெல்லாம் கிடைத்தன, காரணம் மகள் முதல் நாளே வார்ட் மிஸ்ஸியிடம் பணிவாகச் சொல்லி வைத்திருந்தார். இன்னொருவரைத் திறந்த வராந்தாவில் தள்ளுவண்டியில் அரை மணி நேரம், மெல்லிய துணியோடு வைத்திருந்தார்கள். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். ஆறு வருடம் கழிந்தும் அந்தத் தாய் முழங்காலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த வராந்தாவையே பேசுகிறார்.

மொழி இன்னொரு சுவர். நமது பெண்கள் பலருக்குச் சிங்களம் தெரியாது. சம்மதப் பத்திரம் சிங்களத்தில் நீட்டப்படும். மகன் வாசித்தும் வாசிக்காமலும் தலையாட்டுவார். உம்மா கைநாட்டு வைப்பார். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் விளங்கப்படுத்துங்கள் என்று கேட்பது சண்டித்தனம் அல்ல. இன்னொன்று: கால் உம்மாவுடையது. ஆண்மக்கள் கூடி முடிவெடுத்து, "நாளைக்கு வெளிக்கிடுங்க உம்மா" என்று சொல்வது பாசம்தான், ஆனால் அது சம்மதம் ஆகாது. வேண்டாம் என்று சொல்லவும், இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லவும் அவருக்கு உரிமையுண்டு. இது திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை. அவசரம் இல்லை.

பொறுக்கும் அந்த இடைக்காலத்தை வீணாக்கவும் கூடாது. நீரிழிவு நம் வீடுகளில் சொந்தக்காரரைப் போல் குடியிருக்கிறது. சீனி அளவு கட்டுப்படாமல் வெட்டினால் புண் ஆற மறுக்கும், கிருமியும் ஏறும். உலோகத்தில் ஏறிய கிருமியை இறக்குவது மிகக் கஷ்டம். சில வேளை பொருத்தியதைக் கழற்ற வேண்டியும் வரும். வெற்றிலை போட்டு ஈறு சீழ்பிடித்திருந்தால் முதலில் பல் டாக்டரிடம் போங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். தொடைத் தசைப் பயிற்சியையும் முன்கூட்டியே கற்றுத் தரும்படி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அன்பினால் நடப்பவை. நமது பகுதியில் உம்மா மகளின் வீட்டில்தான் இருப்பார். மகள் ஓடி ஓடிக் கவனிப்பார். உம்மாவுக்கு நோகிறதே என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பார். அந்தச் சுகத்தில் கால் மடங்கியபடியே இறுகி, பிறகு நீட்ட வராமல் போகிறது. தலையணை வேண்டுமானால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். மாமி வந்து எண்ணெய் பூசி ஆடுதசையை உருவிவிடுவார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த நாளங்களில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும், உருவினால் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போகலாம். உருவவே வேண்டாம். ஆடுதசை வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, புண்ணில் நீர் வடிந்து காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் உடனே கொண்டு செல்லுங்கள். பயிற்சி நோகும். அது தண்டனை என்று நினைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. முதல் சில வாரங்களில் மடக்கிப் பழகாத முழங்கால் பிறகு மடங்க மறுத்துவிடும். குந்தும் மலசலகூடம் மட்டுமுள்ள வீடென்றால், போகுமுன்பே கொமட் கதிரை ஒன்றை ஆயத்தம் செய்துவிடுங்கள். வந்த பிறகு தேடினால் அந்த இரண்டு நாள் படும் அவதி சொல்லி மாளாது.

நோய் விசாரிக்கப் போவது சுன்னத். குறுகிய நேரம் இருந்து, துஆச் செய்து, எழும்பி வருவதே அதன் ஒழுக்கம். பதினைந்து பேர் கட்டிலைச் சூழ்ந்து, "இன்னாருடைய ராத்தாவுக்கும் இதேதான் செய்தார்கள், இன்றைக்கும் நடக்க ஏலாது" என்று கதை சொல்வது எந்தக் கிதாபிலும் இல்லை.

காசு விடயம். நமது அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், பொருத்தும் சாதனத்தைப் பலர் தம் காசில்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள். எழுத்தில் விலை கேளுங்கள், ஒன்றுக்கு இரண்டு இடத்தில் கேளுங்கள். அதன் விலையில் எவ்வளவு இலாபம் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு அயல்நாடே சாட்சி. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு முழங்கால் சாதனங்களுக்கு உச்ச விலை விதித்தபோது, ஏறத்தாழ ஒரு இலட்சத்து 58 ஆயிரம் இந்திய ரூபாவுக்கு விற்ற சாதாரண வகை, வரி நீங்கலாக 54,720 ரூபாவுக்கு இறங்கியது. சென்னைக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய சாதனத்தின் பெட்டியில் ஒட்டுத் துண்டு ஒன்று இருக்கும். கம்பனியின் பெயர், வகை, தொடர் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். அதன் ஒரு பிரதியை உங்கள் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரும்படி கட்டாயம் கேளுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஜோன்சன் அன்ட் ஜோன்சனைச் சேர்ந்த டிபியூ கம்பனியின் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி, அதன் துகள் உடலில் கலந்து, பலருக்கு நோவும் மறு சத்திரசிகிச்சையும் ஏற்பட்டதே காரணம். சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700. அவர்களில் ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்பது பின்னர் அரசு நியமித்த குழுவின் விசாரணையில் வெளிவந்தது. தம் இடுப்புக்குள் இருப்பது எந்தக் கம்பனியின் எந்த மூட்டு என்று தெரியாமல், நோவு வந்தால் வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு காகிதத் துண்டு அவர்களிடம் இல்லை.

பன்றிச் சத்து ஊசியைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஹெபரின் வகை ஊசிகள் பெரும்பாலும் பன்றியின் குடல் சவ்விலிருந்து எடுக்கப்படுபவைதாம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. முதலில் மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாயால் விழுங்கும் மாத்திரைகளும் செயற்கையாகச் செய்யப்பட்ட ஊசியும் இன்று இருக்கின்றன. உங்கள் உடலுக்கு அவை பொருந்துமா என்பதை அவரே சொல்ல வேண்டும். போதிய மாற்று இல்லாதபோது இந்த ஊசியைப் பயன்படுத்தலாம் என்று மக்காவிலுள்ள ராபிதாவின் பிக்ஹுச் சபை 2003 இல் தனது 17 ஆவது அமர்வில் தீர்மானித்தது. தாமாக ஊசியை மறுத்துவிட்டு டாக்டரிடம் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, ஹஜ்ஜுக்காகவே காலை மாற்றிக்கொள்ளும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் வேண்டாம்; இரத்தம் உறையும் ஆபத்து அப்போது அதிகம். எத்தனை மாதம் கழித்துப் போகலாம் என்று டாக்டரிடம் கேட்டே பயணத்துக்குக் காசு கட்டுங்கள். விமான நிலையத்தில் உலோகம் காட்டும் வாசல் சத்தமிடும், பதறாதீர்கள். முழங்காலைக் காட்டிச் சொன்னால் பெண் அதிகாரி தனியாகப் பரிசோதிப்பார். தவாபில் கால் தளர்ந்தால் தள்ளுவண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரழி) அவர்களை மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் இருந்தபடி தவாப் செய்யச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே.